பல்லவியில் சிக்கனம்

1

போன வாரம் அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். இந்த ஜெர்மன் துறைமுக நகரத்தில், இதே கம்பெனியில், கிட்டத்தட்ட இதே நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்ததற்கு. உட்கார்ந்திருப்பதற்கெல்லாம் மரியாதை செய்கிற நாடு இது. அதனால்தான் நான் இங்கே தாக்குப்பிடித்திருக்கிறேன். நான் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த யோனாஸ்தான் இப்போது எங்கள் பிரிவுத் தலைவர். அவர் எழுந்து நின்று, "இவர் கைபட்ட எந்தக் கம்ப்யூட்டர் நிரலும் மெதுவாக ஓடியதில்லை" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். கைதட்டுவதற்குப் பதிலாக விரல்முட்டியால் மேஜையைத் தட்டுவது இங்கே வழக்கம். வந்த புதிதில், வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தவன் நான்.

இந்தத் தடவை கதவைத் திறக்கவில்லை. ஆனால் கேக் சரியாக இறங்கவில்லை. அக்டோபரில் குன்னூரில், நம் சபையில், நான் எழுதிய நிரல் ஒன்று மின்னலாக ஓடியது. அது ஓடிய வேகத்தில் ஆலயம் நிறையப் பேர் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு நடுவில் இரண்டாகப் பிளந்தது. என் தங்கை எஸ்தர் பாடகர் குழுவின் தலைமையை இழக்கப் பார்த்தாள். யோனாஸுக்கு இது தெரியாது. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் விஷயமும் அல்ல. உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். மற்றவர்களுக்கு அந்தச் சிலர் சொல்லியிருப்பார்கள். என் தரப்பையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

2

வெளிநாட்டில் அப்படி என்னதான் வேலை என்று ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் கேட்கிறீர்கள். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது பலருடைய வேலை. அவர்கள் எழுதியது ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று முகத்தைச் சுளிப்பது என்னுடைய வேலை. கட்டளை எழுதப் பல மொழிகள் இருக்கின்றன. அவற்றில் எது வேகம் என்பதில் எங்கள் ஆட்களுக்குள் நடக்கும் சண்டை இரண்டு கட்சிக்காரர்கள் டீக்கடையில் போடும் சண்டைக்குக் குறைந்ததல்ல. ஒரே கணக்கை இரண்டு மொழியிலும் எழுதி, பந்தயக் குதிரைகளைப் போல ஓடவிட்டு நேரம் பார்ப்போம். ஜெயித்த மொழிக்காரர் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடப்பார். அந்தக் கணக்கின் விடை யாருக்கு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்த வேகப்பித்து இங்கே காற்றிலேயே இருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் பொத்தானைத் தொட்டால் கண்மூடித் திறப்பதற்குள் டோக்கன் வந்து விழும். அப்புறம் பாதி நாள் உட்கார்ந்திருந்து, இந்தச் சான்றிதழுக்கு இந்தச் சன்னல் அல்ல, அந்தச் சன்னலுக்கு ஜனவரியில்தான் இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு எழுந்து வரலாம். டோக்கனின் வேகத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு நிரல் எழுதியவரும் எங்கேயோ ஒரு நாற்காலியில் கேக் சாப்பிட்டிருப்பார்.

வீட்டிலும் இதே கதை. மகள் ரூத்துக்குப் பதினைந்து வயது. எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பாள், அவளுடைய அத்தை எஸ்தர் அனுப்பும் குரல் செய்திகள் உட்பட. குன்னூரின் நிதானத்தில் எஸ்தர் பேசியதெல்லாம் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒரு பெண்ணின் குரலில் எங்கள் சமையலறையில் ஒலிக்கும். முடிந்ததும், "அத்தை நல்லா இருக்காங்க, அங்கே மழை" என்று ரூத் சாரத்தை மட்டும் எனக்குத் தருவாள். அவளுடைய தமிழ் ஜெர்மனில் ஊறி வெளியே வருவது. பசித்தால், "நான் பசி வைத்திருக்கிறேன்" என்பாள். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால் முறைப்பாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துகள் எல்லாம் கற்றுக்கொண்டாள். ஆனால் எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் படிப்பதை விட்டாள். நானும் கட்டாயப்படுத்துவதை விட்டேன்.

3

எஸ்தர் குன்னூரில் பள்ளி ஆசிரியை. கணவர் டேவிட் ஒரு டீ எஸ்டேட்டின் ஃபேக்டரி அலுவலகத்தில் இருக்கிறார். சபையின் பாடகர் குழு பல வருடங்களாக அவள் கையில். குழு என்றால் அவளுக்கு உயிர். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாலும் போடுவாள், ஒத்திகைக்குப் போடமாட்டாள்.

முன்னால் நின்று பாடுகிறவளுக்குப் பின்வரிசை நன்றாகத் தெரியும். அங்கே பலர் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள் என்பது அவளுக்குக் கொஞ்ச நாளாகவே உறுத்தல். பாட்டுப் புத்தகத்தின் எழுத்து பொடி. வயதானவர்களுக்குத் தெரிவதில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மலையேறும் இளசுகள் புத்தகமே கொண்டுவருவதில்லை. பாட்டு வரிகளைப் பெரிதாகக் காட்டும் திரை ஒன்று சுவரில் இருந்தால் எல்லோரும் பாடுவார்கள் என்று எஸ்தர் சபைக் கமிட்டியில் கேட்டாள்.

செயலர் சாலமன் அண்ணன் எஸ்டேட் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் அதை ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார். "இன்னைக்கு ஸ்க்ரீனுங்க. நாளைக்கு இன்டர்வெல் விடோணும்பீங்க" என்றாராம். கமிட்டி சிரித்தது. எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. அறுப்பின் பண்டிகை வரைக்கும் டைம் கொடுங்கள், அன்றைக்கு இந்தத் திரையால் ஒரு பாட்டு நின்றால் நான் குழுவை விட்டே இறங்கிக்கொள்கிறேன் என்று எழுந்து சொல்லிவிட்டாள். கமிட்டி உடனே ஒத்துக்கொண்டது. அந்தக் கமிட்டியின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக எடுக்கப்பட்ட முடிவு வேறு கிடையாது.

பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. பாட்டுகளையெல்லாம் உட்கார்ந்து தானே டைப் அடித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஸ்லைடு தொகுப்பு செய்து வைத்திருந்தாள். டேவிட்டின் பழைய லேப்டாப் ஒரு தொகுப்பை மூடி அடுத்ததைத் திறப்பதற்குள் கீபோர்டுக்காரர் முன்னிசையை மூன்று தடவை வாசிக்க வேண்டியிருந்தது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சபை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சாலமன் அண்ணன் சபையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணா, நீங்க வேகமாக்கறவராச்சே. இதை வேகமாக்கிக் குடுங்க" என்றாள் போனில்.

இருபது வருடத்தில் வீட்டிலிருந்து என் தொழிலைத் தேடி வந்த முதல் கோரிக்கை அது. அவள் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றேன்.

4

இருப்பதிலேயே வேகமான மொழியை எடுத்தேன். ரஸ்ட் என்று பெயர். அப்படியென்றால் துரு என்று எஸ்தருக்கு விளக்கினேன். இதைவிட எழுத எளிதான இன்னொரு மொழி உண்டு, ஆனால் சோம்பேறி, அதற்கு மலைப்பாம்பின் பெயர், பைத்தான் என்றும் சொன்னேன். உங்கள் ஆட்களுக்கு நல்ல பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டாள்.

அவள் அனுப்பிய பாட்டுகளைத் திறந்து பார்த்ததும் அதிர்ந்துபோனேன். பல்லவி, முதல் சரணம், மறுபடி அதே பல்லவி, இரண்டாம் சரணம், மறுபடி அதே பல்லவி. ஒரு பாட்டுக்குள் ஒரே வரிகள் ஐந்தாறு தடவை. எங்கள் தொழிலில் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது ஒழுக்கக்கேடு. பாட்டுப் புத்தகத்திலேயே பல்லவியை ஒரு தடவைதானே அச்சடிக்கிறார்கள்? திரும்ப வருவதையெல்லாம் தேடி வெட்டுவதற்கென்றே தனியாக ஒரு சிறு நிரல் எழுதினேன். எல்லாப் பாட்டுகளும் மெலிந்து அழகாகிவிட்டன.

மிச்சத்தை இரண்டு சனி, ஞாயிறுகளில் முடித்தேன். அடுத்த பாட்டு திரைக்கு வருகிற நேரத்தைக் கொசு இறக்கையடிக்கும் நேரத்தோடுதான் ஒப்பிட முடியும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டு எஸ்தருக்கு அனுப்பினேன். பழையது மலை, புதியது தரை. அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை அனுப்பினாள். சோதனையில் குறை வைத்ததாக யாரும் சொல்ல முடியாது. எல்லாப் பாட்டையும் வரிசையாக ஓடவிட்டேன், தலைகீழாக ஓடவிட்டேன், ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கினேன். பாடித்தான் பார்க்கவில்லை.

5

அக்டோபரில் இங்கே பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ரூத்தும் கிளம்பினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போகலாம் என்றாள் ரூத். அது ஆமை வேகம் என்று சொல்லி நான் கார் பிடித்தேன். பர்லியார் தாண்டிய வளைவுகளில் இரண்டு தடவை காரை நிறுத்தி அவளை இறக்கி முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அந்த ரயில் ஏன் மெதுவாகப் போகிறது என்று அதில் ஏறிய யாரும் புகார் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு புது நிரலுக்கு வெள்ளோட்டம். முன்வரிசை ஓரத்தில் டேவிட் லேப்டாப்போடு உட்கார்ந்தார். ஆயர் பாட்டின் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் பாட்டு திரையில் நின்றது. சாலமன் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடக்கமாகச் சன்னலைப் பார்த்தேன்.

பல்லவி ஆயிற்று. டேவிட் பொத்தானைத் தட்டினார், முதல் சரணம் வந்தது. பின்வரிசைகூடச் சத்தமாகப் பாடியது. சரணம் முடிந்தது. டேவிட் மறுபடி தட்டினார். இரண்டாம் சரணம் வந்தது.

அங்கேதான் பிளந்தது. பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த பாதிப் பேர், பாடகர் குழு உட்பட, முறைப்படி பல்லவிக்குத் திரும்பினார்கள். திரையை நம்பிய பாதிப் பேர் இரண்டாம் சரணத்தில் இறங்கிவிட்டார்கள். இரண்டு கோஷ்டியும் எதிர்க்கோஷ்டி தப்பாகப் பாடுகிறது என்று நினைத்துக் குரலை உயர்த்தின. கீபோர்டுக்காரர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். டேவிட் பதறிப்போய்ப் பின்னால் போகும் பொத்தானைத் தட்டத் தொடங்கினார். நிரல்தான் அசுர வேகமாயிற்றே. அவர் தட்டிய தட்டுக்குப் பல்லவியைத் தாண்டி, அந்தப் பாட்டையே தாண்டி, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில் போய் நின்றது. பின்வரிசையில் விசுவாசமுள்ள இரண்டு பேர் அதையும் எடுத்தார்கள்.

எஸ்தர் கையை உயர்த்திக் கீபோர்டை நிறுத்தினாள். தனியாகப் பல்லவியை எடுத்தாள். உடைந்த சபை கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரலுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மீதிப் பாட்டுகளைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினோம். ஆராதனை முடியும்வரை அவள் நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே டீயும் வர்க்கியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாலமன் அண்ணன் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, உங்க நிரலு பயங்கர வேகமுங்க. நாங்க இன்னும் பல்லவிலயே நிக்கறோம். அது ரெண்டாஞ் சரணத்துல போயி எங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது."

நான் வர்க்கியைக் கடித்தேன்.

"அடுத்த வாரம் பண்டிகைங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "டீச்சர் கமிட்டில வார்த்தைய உட்டுட்டாங்க. நானா புடிச்சுத் தொங்க மாட்டேனுங்க. ஆனா கேக்கறதுக்கு நாலு பேர் இருக்கறாங்க, பாத்துக்குங்க."

வீட்டில் எஸ்தர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பல்லவி எங்கண்ணா?"

"வெட்டிட்டேன்."

"ஏனுங்க?"

"திரும்பத் திரும்ப வந்துச்சு."

"பல்லவின்னா திரும்பத் திரும்பத்தானுங்கண்ணா வரும்."

டேவிட் அவசரமாக எழுந்து சமையலறைக்குள் போனார். உள்ளே அவர் சிரிப்பது கேட்டது.

இதற்கு நான் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்று உண்டு. இங்கே நாங்கள் போகும் ஜெர்மன் ஆலயத்தில், பாட்டின் எண்ணையும் பாட வேண்டிய சரணங்களின் எண்ணையும் சுவர்ப் பலகையில் மாட்டி வைத்திருப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. நான்கு ஏன் இல்லை என்று கேட்கக்கூடாது. வரிசையாகப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பிப் போகிற வேலையே கிடையாது. இத்தனை வருடம் அப்படிப் பாடியதில், பாட்டு என்றால் ஒரு படிக்கட்டு, ஏறினால் ஏறினதுதான் என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. ஊரை மறக்கவே மாட்டேன் என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனவன், பல்லவியை மறந்து திரும்பி வந்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

6

வெட்டியதை ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். எஸ்தர் இல்லை என்றாள். சில நாள் முழுப் பல்லவிக்குப் போவாள், சில நாள் பாதிக்கு. சபை சோர்வாக இருந்தால் சரணத்தின் கடைசி வரியை இன்னொரு தடவை எடுப்பாள். அது பாடும்போது முடிவாவது. முன்கூட்டி வரிசை போட்டால் ஏதாவது ஒரு இடத்தில் இடறும். அவளுடைய பழைய தொகுப்பிலும் இதே தொல்லை இருந்தது. வட்டம் சுற்றியதால் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

ஆறு நாள் இருந்தது. அவள் பாடகர் குழுவின் முன்னால் எப்போதும்போல நின்றாள், எப்போதும்போலத் திருத்தினாள். ஆனால் ஒத்திகை முடிந்ததும் தனக்கு அடுத்த இடத்தில் இருக்கும் பாடகிக்குத் தன் பாட்டுக் கோப்புகளில் எங்கே எது இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சும்மா ஒரு இதுக்கு என்றாள்.

அன்றிலிருந்து ஒத்திகைகளில் நான் லேப்டாப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாடுகிறவர்களின் கண்களைப் பார்த்தேன். சரணத்தின் கடைசிச் சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த வரியைத் தேடப் போய்விடுகிறது. மூச்சு இழுப்பதற்கு முன்பே. அந்த நேரத்தில் வரி அங்கே இல்லையென்றால், பிறகு அது எவ்வளவு வேகமாக வந்தாலும் தாமதம்தான். கொசு இறக்கையடிப்பதற்குள் கொண்டுவந்து போடுகிறேன் என்று நான் மார்தட்டியதெல்லாம், மூச்சை இழுத்துவிட்டு என்ன பாடுவது என்று தெரியாமல் நிற்கிற ஒருவரின் முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எஸ்தர் ஒன்று சொல்வாள், நான் ரஸ்டில் அதைச் செய்துமுடிக்க அடுத்த நாள் ஆகும், அதற்குள் அவள் மனசு மாறியிருக்கும். செவ்வாய்க்கிழமை ரஸ்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மலைப்பாம்பைப் பிடித்தேன். எழுத்து பெரிதாக வேண்டும் என்பாள், அடுத்த பாட்டுக்குள் பெரிதாகிவிடும். ஓரம் விடுங்கள் என்பாள், விடுவேன். பந்தயத்தில் ஓடவிட்டால் பைத்தான் ரஸ்டுக்கு ரொம்பப் பின்னால் மூச்சிரைக்க வரும். ஆனால் ஒரு சரணத்தைப் பாடி முடிக்கும் நேரத்துக்கு ஒரு தடவை திரையை மாற்ற எந்தச் சோம்பேறியாலும் முடியும். ஒரே குறை, டேவிட்டின் லேப்டாப்பில் காலையில் முதல் தடவை எழுப்பும்போது அது சாவகாசமாகத்தான் கண் விழிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை தானே, யார் கவலைப்படப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை, நான் ஒவ்வொரு சரணத்துக்கும் பின்னால் பல்லவியைக் கொண்டுவர ஒரு தனிப் பொத்தான் வைத்திருந்தேன். டேவிட் அதை அழுத்த ஒரு நொடி பிந்தினார். மறுபடி தடுமாற்றம். எஸ்தர் பாட்டை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"பல்லவியை எதுக்குண்ணா போக உட்டு, போக உட்டுக் கூப்பிடறீங்க? அது போகவே வேண்டாமுங்க. கீழயே நிக்கட்டும். சரணம் மட்டும் மேல மாறட்டும்."

எங்கள் தொழிலில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. ஒரு வேலையை வேகமாகச் செய்வதைவிட அந்த வேலையே தேவைப்படாமல் செய்வதுதான் மேல் என்று யோனாஸ் முதலானவர்களுக்கு நானே படம் போட்டு வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த வகுப்புக்கு எஸ்தர் வந்திருக்கவில்லை. நானும் போயிருக்கவில்லை போலிருக்கிறது.

பல்லவி கீழே மஞ்சள் நிறத்தில் நின்றது. மேலே சரணங்கள் வந்து போயின. ரூத் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டில் போன் மடியில் கிடந்தது. உதடு அசைந்தது. மேலே ஓடும் சரணங்கள் பக்கம் அவள் போகவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பல்லவியில் கொஞ்ச தூரம் முன்னேறினாள். கடைசிச் சுற்றில் பல்லவி முழுவதையும் வாய்விட்டுப் பாடினாள்.

"அது நகராம நிற்குது அப்பா" என்றாள் பிறகு. "அதனால நான் அதைப் பிடிச்சுட்டேன்."

ஒன்றரை மடங்கு வேகத்தில் உலகத்தைக் கேட்கிற பெண்ணுக்கு, நிற்கிற ஒன்று வேண்டியிருந்திருக்கிறது. எந்தப் பந்தயத்தில் இதற்கு நேரம் பார்ப்பது?

7

பண்டிகையன்று ஆலயத்துக்குள் கேரட்டும் முட்டைக்கோஸும் வாசனையடித்தன. தூண்களில் மேரக்காய் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எஸ்டேட்காரர்கள் சிலர் டீக்கொழுந்தால் ஒரு சிலுவையே செய்து நிறுத்தியிருந்தார்கள். வாசல் வழியாக மூடுபனி உள்ளே வந்து பின்வரிசையில் இடம் பிடித்திருந்தது. கூட்டம் வராந்தா வரை.

டேவிட் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார். மணியடித்து ஆயர் நடந்து வரும்போது கரண்ட் போனது. உடனே வந்தும்விட்டது. ஆனால் அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. எல்லாம் அணைந்து, எல்லாம் முதலிலிருந்து.

ஆயர் முதல் பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்து நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. இந்தத் தடவை அது என் வட்டம். நான் குனிந்தபடி டேவிட்டிடம் ஓடி, பழைய வேகமான நிரலையாவது திறங்கள் என்று கிசுகிசுத்தேன்.

"அதை நீங்கதான மச்சான் அழிக்கச் சொன்னீங்க."

திரையை நம்பி முக்கால்வாசிப் பேர் புத்தகம் கொண்டுவரவில்லை. சாலமன் அண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு எஸ்தரைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் எஸ்தரைப் பார்த்தார்கள். கீபோர்டுக்காரர் முன்னிசையைத் தொடங்கக் கையைத் தூக்கினார். எஸ்தர் வேண்டாம் என்று அவருக்குச் சைகை செய்தாள்.

தன் பாட்டுக் கோப்பை மூடிப் பக்கத்தில் வைத்தாள். சபைப் பக்கம் நேராகத் திரும்பினாள். ஞாயிறு பள்ளியில் பல் விழுந்த வயதில் எல்லோரும் கற்றுக்கொள்கிற, அப்புறம் ஒருவரும் புத்தகத்தில் தேடாத ஒரு பாட்டை எடுத்தாள். வாத்தியம் இல்லாமல். இரண்டாவது வரியில் குழு சேர்ந்தது. மூன்றாவது வரியில் வராந்தா சேர்ந்தது. பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஊரில் எனக்குத் தெரிந்த கட்டைக்குரல்கள் எல்லாம் பனிக்குள்ளிருந்து கேட்டன. நானும் பாடினேன். பல்லவிக்குச் சரியாகத் திரும்பினேன்.

நடுவில் திரை வெளிச்சமானது. யாரும் கவனிக்கவில்லை. டேவிட் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அது முடிந்த பிறகுதான் ஆயர் சொன்ன பாட்டு ஆரம்பித்தது. கீழே மஞ்சளில் பல்லவி நின்றது. மேலே சரணங்கள் மாறின. அன்றைக்குப் பாடிய எந்தப் பாட்டும் எங்கேயும் இடறவில்லை. சாலமன் அண்ணனின் கையில் புத்தகம் மூடியே இருந்தது.

வெளியே காய்கறி ஏலம் தொடங்குவதற்கு முன் அவர் எங்களிடம் வந்தார். முகத்தை அலுவலக முகமாக வைத்திருந்தார்.

"டீச்சர், இன்னைக்குப் பாட்டு நின்னுச்சா நிக்கலியான்னு கமிட்டில கேப்பாங்க. நான் என்னங்க சொல்றது?"

எஸ்தர் நிமிர்ந்தாள். "எதுவும் நிக்கலீங்களே. ஒண்ணு ஜாஸ்தியாத்தானுங்க பாடுனோம்."

அவர் யோசித்தார். "ஆமாங்க. அப்படிப் பாத்தா ஜாஸ்திதான்." திரும்பி நடக்கப் போனவர் நின்றார். "அப்பறம் தம்பி, அந்த மஞ்சப் பல்லவி இருக்குதுங்கள்ல, அதை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க. எனக்கில்லீங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு."

எங்கள் தொழிலில் ஒருவர் கட்சி மாறியதை இப்படித்தான் கண்டுபிடிப்போம். எதிர்ப்பதை நிறுத்திவிட்டுக் குறை சொல்ல ஆரம்பிப்பார். எஸ்தர் கேரட் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள் என்று ரூத் என்னிடம் சொன்னாள். ஒரு நூல்கோல் கூடையை ஏலத்தில் எடுத்துக்கொண்டு அவள் ஒன்றும் நடக்காதது மாதிரி திரும்பி வந்தாள்.

8

இங்கே வந்த பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தச் சோம்பலைச் சரிசெய்தேன். இப்போது பைத்தான் பழைய லேப்டாப்பில்கூடக் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். பெருமையாக எஸ்தருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் குரலில் வந்தது. ரூத் ஒன்றரை மடங்கில் ஓடவிட்டாள். பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து, சாதாரண வேகத்தில் மறுபடி போட்டாள்.

"அண்ணா, அதை அனுப்பிராதீங்க. இப்ப வாரா வாரம் ஸ்க்ரீன் முழிக்கற வரைக்கும் ஒரு பாட்டுப் பாடறோமுங்க. புத்தகம் வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. பின்னாடி இருந்து ஆளுங்க வந்து இதைப் பாடுங்க, அதைப் பாடுங்கன்னு கேக்கறாங்க. அந்தப் பாட்டுக்குன்னே நேரத்துல வந்துடறாங்க. ஸ்க்ரீன் டக்குனு வந்துட்டா அந்தப் பாட்டு எங்கண்ணா போறது?"

அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே விடிவதற்கு முன்னால் எழுந்துகொள்கிறேன். டேவிட் என்னைக் கூப்பிட்டு, போனைத் திறந்தபடியே லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். முதலில் நாற்காலிகள் நகரும், யாராவது இருமுவார்கள், பிறகு எஸ்தரின் குரல். சில வாரம் ரூத்தும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்காருகிறாள். சில வாரம் வருவதில்லை.

நேற்று டேவிட் கூப்பிட்டார். குளிர் கூடியதோ என்னவோ, போன வாரம் லேப்டாப் சீக்கிரமே விழித்துக்கொண்டதாம். இன்னும் ஒரு சரணம் பாக்கியிருந்ததாம். எல்லோருக்கும் வருத்தம்.

"மச்சான், அதைக் கொஞ்சம் மெதுவாக்க முடியுமுங்களா?"

என் தொழிலில் இப்படி ஒரு கோரிக்கை வந்ததே இல்லை. முயன்றுகொண்டிருக்கிறேன். நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை.